ஒரு சாவியும் ஜி.டி. நாயுடுவும்



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேணும், மறைந்த பெரியவர் ஒருத்தரைப் பற்றி எழுது, மேற்கோள்களைப் போட்டுப் பக்கத்தை நிரப்பாதே என்று மலர்க் குழு நண்பர் போனில் கட்டளை போட்டுவிட்டார். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, யாரைப் பற்றி எழுதுவது என்று ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் எழுத வேண்டிய ஆளைக் காட்டிக் கொடுத்தது என் அப்பாவின் பழைய கார்தான். அதுவும் ஓடிக் காட்டிக் கொடுக்கவில்லை, நின்று காட்டிக் கொடுத்தது!

புதுச்சத்திரத்தில் நின்ற வண்டி

என் அப்பா கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல். 1968-இல் ஒரு கார் வாங்கினார். எங்கள் தெருவில் அதுதான் இரண்டாவது கார். அதில்தான் என்னை அண்ணாமலைநகருக்குக் கொண்டுவந்து ஹாஸ்டலில் விட்டார். டிரங்குப் பெட்டி, பெட்டிங், அம்மா கொடுத்த முறுக்கு டின் எல்லாம் டிக்கியில் இருந்தன. அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. கார் மட்டும் போர்ட்டிகோவில் நிற்கிறது. எப்.சி.க்கு ஒரு செலவு, டயருக்கு ஒரு செலவு, பெயின்ட்டுக்கு ஒரு செலவு. வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. நானும் தலையாட்டிவிட்டேன். கடைக்காரர் அட்வான்ஸ்கூடக் கொடுத்துவிட்டார்.

மார்கழி மாதத்தில் நம் சங்கத்தின் ஆயத்தக் கூட்டம் சிதம்பரத்தில் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கடைசியாக ஒரு தடவை அப்பாவின் காரிலேயே போய்விட்டு வருவோம் என்று கிளம்பினேன். கடலூரிலிருந்து சிதம்பரம் என்ன தூரம், சுமார் 45 கி.மீ. ஓ.டி. தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம் வரைக்கும் வண்டி வெண்ணெயாக ஓடியது. புதுச்சத்திரம் வந்ததும் ஒரு சின்ன குலுக்கல். அவ்வளவுதான், என்ஜின் சத்தமே இல்லை. ஓரமாக உருட்டி நிறுத்தினேன்.

சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்டார்ட்டரும் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன். பைக்கில் போன இரண்டு பையன்கள் இறங்கி வந்தார்கள். விசாரித்தால் நம் கல்லூரி மாணவர்கள்! மூன்றாம் வருஷம். தள்ளு ஸ்டார்ட் பண்ணலாம் சார் என்று இருபது கெஜம் தள்ளினார்கள். வண்டி குலுங்கியதே தவிர உயிர் வரவில்லை. வியர்த்து விறுவிறுத்துப்போன பையன்களில் ஒருவன் என்னைப் பார்த்து, நான் எந்த டிபார்ட்மென்ட் என்று மரியாதையாகக் கேட்டான். மெக்கானிக்கல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மெல்ல முனகினேன்.

நாற்பது வருஷம் என்ஜினீயர் என்று சம்பளம் வாங்கியவன் நான். டிராயிங் பார்த்தேன், டெண்டர் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் காரில் ஒரு ஒயரைக்கூட நான் தொட்டதில்லை.

கூட்டத்துக்கு பஸ்ஸில் போய்விட்டு, மறுநாள் ஒரு மினி லாரியில் கயிறு கட்டி வண்டியைக் கடலூர் ஓ.டி.க்கு இழுத்து வந்தேன். அங்கே ஒரு சின்ன பட்டறை. எழுபது வயசு தாண்டிய பாய் ஒருத்தர் பழைய வண்டிகள் மட்டும் பார்ப்பார். பட்டறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில், பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிய பழுப்பேறிய ஒரு படம். யார் என்று உற்றுப் பார்த்தேன். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு!

எழுத ஆள் கிடைத்துவிட்டார்.

களங்கல் கிராமத்துப் பிள்ளை

ஜி.டி. நாயுடு என்று நாம் சொல்லும் கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-இல் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள களங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளைத் தாண்டவில்லை. ஆனால் படிப்பு வேறு, பள்ளிக்கூடம் வேறு என்பதற்கு அவரே சாட்சி. கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் பிற்காலத்தில் படித்துத் தள்ளியவர் அவர்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் வண்டியைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடுகிற அந்த வண்டி அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. அதை வாங்கியே தீருவது என்று கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, டம்ளர் எடுத்து, காசு காசாகச் சேர்த்து, கடைசியில் அந்த வண்டியை விலைக்கு வாங்கிவிட்டார்.

வாங்கியவர் என்ன பண்ணினார்? நாமாக இருந்தால் ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டியிருப்போம். அவர் அதை அக்கக்காகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதற்காக அங்கே இருக்கிறது என்று பார்த்து, திரும்பப் பூட்டினார். அதுதான் அவருக்கு மோட்டார் பாடத்தின் முதல் வகுப்பு. வாத்தியாரும் அவரே, மாணவரும் அவரே.

பிறகு திருப்பூரில் பஞ்சுத் தொழில். முதல் உலகப் போர் சமயத்தில் நல்ல காசு வந்தது. அந்தத் தைரியத்தில் பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். சம்பாதித்தது அத்தனையும் போச்சு. வெறுங்கையோடு ஊர் திரும்பினார். இதை இளைஞர்கள் கவனிக்க வேணும். பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது நாம் வெற்றியை மட்டும் வரிசையாக அடுக்கிவிடுகிறோம். நடுவில் இருக்கிற இந்த வெறுங்கையைச் சொல்லுவதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

1920-இல் அவர் ஒரே ஒரு பஸ்ஸோடு மோட்டார் தொழிலில் இறங்கினார். கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். அந்தக் கால ரோட்டை நினைத்துப் பாருங்கள். டயர் வெடித்தாலும் என்ஜின் மக்கர் பண்ணினாலும் நடு ரோட்டில் இறங்கி அவரே பார்த்தாக வேணும்.

அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள். கொங்கு நாட்டில் யு.எம்.எஸ். பஸ் என்றால் நேரம் தவறாது என்று பெயர். இதற்குக் காரணம் டிரைவர் மட்டும் இல்லை, பட்டறை. வண்டியை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்றால், அது நிற்கும் முன்பே எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்க வேணும். கழற்றிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, நம் நாட்டிலேயே செய்த மின்சார மோட்டாரை வெளியே கொண்டுவந்தார். இன்றைக்குக் கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊராக இருக்கிறது என்றால், அந்த விதையில் அவருக்கும் பங்கு உண்டு. ரசன்ட் என்ற மின்சார சவரக் கத்தி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, திருட்டு ஓட்டுக்கு இடம் தராத வாக்குப் பதிவுக் கருவி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி என்று விவசாயத்திலும் புது ரகங்கள். சர் சி.வி. ராமனும் விசுவேசுவரய்யாவும் அவர் தோட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். போட்டோ எடுப்பதிலும் பைத்தியம். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கையாலேயே படம் பிடித்தார்.

சாவிக்குப் பின்னால்

இங்கே பட்டறைக்கு ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போவோம். பாய் என் வண்டியில் உடனே எதையும் கழற்றவில்லை. ஹாரனை அழுத்தினார், அடித்தது. ஹெட்லைட் போட்டார், எரிந்தது. சாவியைத் திருப்பினார், சிவப்பு விளக்கு வரவில்லை, அம்மீட்டர் முள் அசையவில்லை. அப்படியானால் பேட்டரி நல்லது, மெயின் ஒயர் நல்லது, சாவிக்குப் பின்னால்தான் கோளாறு என்று சொல்லிவிட்டார். முப்பது செகண்டு ஆகியிருக்காது.

எனக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. தள்ளு ஸ்டார்ட் ஏன் பலிக்கவில்லை? தள்ளினால் சுற்றுவது என்ஜின்தான். பிளக்கில் பொறி வர இக்னிஷன் காயிலுக்குக் கரன்ட் போக வேணும், அது போகும் வழி சாவி ஸ்விட்ச். வழியே அறுந்துபோனால் சிதம்பரம் வரைக்கும் தள்ளினாலும் வண்டி கிளம்பாது. இதை நான் பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். ரோட்டில் தோன்றவில்லை.

இந்தப் பேட்டரி, காயில், பாயிண்ட் ஏற்பாட்டை நமக்குத் தந்தவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து விவசாயி வீட்டுப் பிள்ளை சார்லஸ் கெட்டரிங். 1876-இல் பிறந்தவர், நம் நாயுடுவைவிடப் பதினேழு வயசு மூத்தவர். கண் கோளாறினால் படிப்பு நடுவில் நின்று நின்று, 1904-இல்தான் பட்டம் வாங்கினார். நண்பர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து இந்த இக்னிஷனைச் செய்தார். அதற்குப் பின் அவர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றித்தான் காரைக் கிளப்ப வேணும். என்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். கெட்டரிங் 1958-இல் காலமானார். அவர் கொட்டகையிலும் நாயுடு பட்டறையிலும் நடந்தது ஒரே வேலைதான். ஒருவரிடம் பட்டம் இருந்தது, மற்றவரிடம் இல்லை. அவ்வளவே வித்தியாசம்.

1945-ஆம் வருஷம்

இப்போது நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். 1945-இல் அண்ணாமலைநகரில் பொறியியல் படிப்பு தொடங்கியது நம் எல்லோருக்கும் தெரியும். அதே 1945-இல் கோயம்புத்தூரிலும் ஒரு பொறியியல் கல்லூரி பிறந்தது. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக், ஒரு பொறியியல் கல்லூரி. இரண்டுக்கும் பின்னால் நின்றவர் ஜி.டி. நாயுடு. தன் பணத்தைப் போட்டார், மற்றவர்களிடமும் வாங்கினார். கல்லூரிக்கு முதல்வராகவும் உட்கார்ந்தார். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத மனிதர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நாம் ஜி.சி.டி. என்கிறோமே, அதுதான்.

ஆனால் அந்த நாற்காலியில் அவர் நிலைக்கவில்லை. நாலு வருஷப் படிப்பு காலத்தை வீணாக்குவது, இரண்டு வருஷம் தாராளமாகப் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒத்துக்கொள்ளவில்லை. நாயுடுவும் விட்டுக்கொடுக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்துவிட்டார். தான் பாடுபட்டு எழுப்பிய கல்லூரியை விட்டு ஒரு மனுஷன் வெளியே போவது சாதாரண விஷயம் இல்லை.

இந்தச் செய்தியை நான் முன்பும் படித்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் காலத்தில் ஐந்து வருஷம் படித்தோம், அப்படியும் அரியர்ஸ் வைத்தோம், இவர் இரண்டு வருஷத்தில் முடிப்பாராம் என்று கேலி பேசுவேன். புதுச்சத்திரம் ரோட்டோரத்தில் பானெட்டைத் திறந்துவைத்து நின்றவனுக்கு இப்போது கேலி வரவில்லை. அந்த ஐந்து வருஷத்தில் நான் எதைக் கற்றேன், எதைக் கற்றதாக நினைத்துக்கொண்டேன் என்ற கேள்விதான் வந்தது. கல்லூரி மேல் குறை சொல்ல மாட்டேன். ஒர்க்‌ஷாப்பில் அரம் கொடுத்தார்கள், ஃபிட்டிங் சொல்லிக் கொடுத்தார்கள். பதினைந்து பேர் சேர்ந்து ஒருத்தன் செய்த வேலையை மாற்றி மாற்றிக் காட்டி மார்க் வாங்கியது நாங்கள்தானே!

ஓடாமல் போன கார்

நாயுடுவின் வாழ்க்கையில் என்னை மிகவும் வருத்தும் பகுதி 1952. அந்த வருஷம் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன பெட்ரோல் காரைச் செய்து ஓட்டிக் காட்டினார். விலை சுமார் இரண்டாயிரம் ரூபாய். நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை. ஆனால் அது லைசென்ஸ் காலம். 1951-இல் வந்த தொழில்கள் சட்டப்படி, பெரிய அளவில் கார் உற்பத்தி பண்ண டில்லியின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது.

சர்க்காருக்கும் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அந்நியச் செலாவணி குறைவு, இரும்பு குறைவு, யார் எதைச் செய்வது என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் ஓடக்கூடிய ஒரு வண்டியை ஒரு பேப்பர் நிறுத்திவிட்டதே என்ற ஆற்றாமை போகவில்லை. கரன்ட் இருக்கிறது, காயில் இருக்கிறது, நடுவில் ஸ்விட்ச் மட்டும் சேரவில்லை. என் வண்டி கதை மாதிரியே!

நாயுடுவுக்கும் கோபம் வந்தது. அவர் கோபமும் அவர் மாதிரியே வினோதமானது. வரிக் கொள்கையைக் கண்டித்து, தான் செய்த கருவிகளையே ஜனங்கள் முன்னால் போட்டு உடைத்தார். அது சரியா? என்னைக் கேட்டால் சரியில்லை என்றுதான் சொல்வேன். உடைந்த கருவியைப் பார்த்து எந்தச் சட்டமும் மனசு மாறியதாகத் தெரியவில்லை. நஷ்டம் ஜனங்களுக்குத்தான். பெரியவர்களிடமும் பிடிவாதம் இருக்கும், அதையும் மறைக்காமல் சொன்னால்தான் அது வாழ்க்கை வரலாறு, இல்லாவிட்டால் வாழ்த்து மடல்.

ஆனாலும் மனுஷர் ஓயவில்லை. கண்காட்சி வைத்தார், இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி கொடுத்தார். 1967-இல் ஒரே நாளில் ஒரு வீட்டையே கட்டி முடித்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயசு எழுபத்து நாலு. 1974 ஜனவரி 4-இல் மறைந்தார். அவர் சேர்த்துவைத்த அதிசயங்களை கோவை அவினாசி சாலையில் இன்றும் பார்க்கலாம். 2015-இல் அங்கேயே பழைய கார்களுக்கென்று ஒரு அருங்காட்சியகமும் வந்தது. 2025-இல் அதே சாலையில் திறந்த 10 கி.மீ. நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கார் செய்ய லைசென்ஸ் கிடைக்காத மனுஷர் தலைக்கு மேல் இப்போது தினம் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடுகின்றன!

ஸ்விட்சைத் திறந்தோம்

பட்டறைக் கதையை முடிக்காவிட்டால் மெக்கானிக்கல் நண்பர்கள் விடமாட்டார்கள். பாய் எனக்கு ஒரு தண்டனை கொடுத்தார். தனக்குக் கண் சரியில்லை, கை நடுங்குகிறது, நீங்களே கழற்றுங்கள் சார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன் என்றார். அவர் கண்ணில் ஒரு குறும்பு தெரிந்தது. முடியாது என்று எப்படிச் சொல்வது? சுவரிலிருந்து நாயுடு வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முதல் வேலை பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுவது. சாவி ஸ்விட்சுக்கு வரும் ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது, ஸ்பானர் தவறி உரசினால் ஒயர் எரியும் என்றார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தேன். இந்த வயசில்! பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து வருவது. வெள்ளை ஒயர் காயிலுக்குப் போவது. வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது ஸ்டார்ட்டருக்கு. எதை எங்கிருந்து எடுத்தேன் என்று ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு கட்டினேன். முன்னால் இருக்கிற வளையத்தைத் திருகி எடுத்ததும் ஸ்விட்ச் கையோடு வந்தது.

சந்தேகம் தீரட்டும் என்று எர்த்தை மறுபடி போட்டு, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தோம். பழுப்பில் பளிச்சென்று எரிந்தது. பழுப்பையும் வெள்ளையையும் ஒரு துண்டு ஒயரால் ஒரு நொடி சேர்த்தார், டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு வந்தது. குற்றவாளி ஸ்விட்ச்தான், சந்தேகமே இல்லை. எர்த்தைத் திரும்பக் கழற்றினோம். ஒயரைச் சேர்த்தே வண்டியை ஓட்டிவிடலாமே என்று கேட்டேன். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. வீடு போய்ச் சேர ஒரு நாள் அப்படி ஓட்டலாம், அதையே வழக்கமாக்கினால் வண்டியை நிறுத்த வழி இருக்காது, என்ஜின் ஓடாதபோதும் கரன்ட் போய்க்கொண்டே இருந்தால் காயில் சூடாகிப் போகும், பாயிண்ட் கருகும், ஒரு நாள் வண்டியே எரியும் என்றார்.

ஸ்விட்சின் பின்பக்கத் தகடு மடிப்புகளை மெல்ல நிமிர்த்தித் திறந்தோம். உள்ளே பித்தளைக் காண்டாக்டில் கரி அப்பியிருந்தது. ஒரு முனை பள்ளமாகத் தேய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. காரணத்தையும் பாய் கையில் தூக்கிக் காட்டினார். என் சாவிக்கொத்து! வீட்டுச் சாவி, பீரோ சாவி, கேட் சாவி, பாடலீஸ்வரர் படம் போட்ட பித்தளை வளையம். கால் கிலோ இருக்கும். வண்டி குலுங்கக் குலுங்க அவ்வளவு பாரமும் அந்தச் சின்ன பூட்டில் தொங்கி ஆடியிருக்கிறது. மாசக்கணக்காக நானும் சாவியை ஆட்டி ஆட்டி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தேனே, அது ஸ்விட்ச் சொல்லிப் பார்த்த எச்சரிக்கை.

மெல்லிய உப்புத்தாளால் காண்டாக்டைத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, ஸ்பிரிங்கை லேசாக இழுத்து விறைப்பாக்கி, துளி வாசலின் தடவிப் பூட்டினோம். இது எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்ல முடியாது, புது ஸ்விட்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மார்க்கெட்டில் வருவதில் முனைகள் இடம் மாறியிருக்கும், டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்காமல் ஒயரைக் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தார்.

நான் பேசாமல் இருப்பேனா? ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். காயிலின் முதல் சுற்றில் மின்தடை சுமார் 3 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர். கரி படிந்த ஸ்விட்சில் இன்னொரு 1 ஓம் சேர்ந்தால் 3 ஆம்பியர்தான். கரன்ட் குறைந்தது கால் பங்கு. ஆனால் காயிலில் சேரும் சக்தி கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. பதினாறு பங்கு இருந்த இடத்தில் ஒன்பது. ஏறக்குறையப் பாதி போச்சு! வண்டி சில மாதமாக மேட்டில் இருமியது இதனால்தான் என்றேன். பாய் பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஐம்பது வருஷமாக ஸ்விட்ச் கருகினால் வண்டி இழுக்காது என்று கைக்குத் தெரியும், ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது என்றார். அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு நாயுடுவின் சண்டை புரிந்தது. அவர் சொன்னதில் பாதி சரி. கழற்றிப் பூட்டாத படிப்பு ரோட்டில் கைவிட்டுவிடும். ஆனால் கணக்குத் தெரியாத கைக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்தால் அவர் நாயுடு. எல்லோரும் நாயுடு ஆக முடியாது, அதனால்தான் கல்லூரி வேணும். கல்லூரி இருக்கிறது என்பதற்காகப் பட்டறைக்குப் போகாமல் இருந்துவிடவும் கூடாது. இரண்டு வருஷமா நாலு வருஷமா என்பதைவிட, அத்தனை வருஷத்தில் எதையாவது ஒன்றை முழுசாகக் கழற்றிப் பூட்டினோமா என்பதுதான் கேள்வி.

மாணவர்களுக்கு

எர்த்தைப் பூட்டி, சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு வந்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது. அப்பா காலத்துச் சத்தம் அப்படியே கேட்டது. அறுபது வயசு தாண்டியவன் கண்ணில் தண்ணி வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

காயலான் கடைக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. சந்திப்பு நாளன்று அந்தக் காரில்தான் சிதம்பரம் வருகிறேன். சாவி வளையத்தில் இப்போது ஒரே சாவி.

புதுச்சத்திரத்தில் எனக்காக வண்டி தள்ளிய அந்த இரண்டு தம்பிகள் இந்த மலரைப் படித்தால், சந்திப்பு அன்று ஹாஸ்டல் பக்கம் என் வண்டியைத் தேடி வாருங்கள். பழைய ஸ்விட்ச் ஒன்றும் ஒரு டெஸ்ட் லேம்பும் கொண்டு வருகிறேன். நீங்கள் கழற்றுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அப்புறம் நான் எந்த டிபார்ட்மென்ட் என்று இன்னொரு தடவை கேளுங்கள். இந்தத் தடவை சத்தமாகச் சொல்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி. வளர்க நம் சங்கம்.